முகம் வீங்கிய ரைகரும் ஒன்பது கிழமைக் குட்டியும்

கேள்வி:

ஐயா, நாங்கள் சாம்பல்தீவில் இருக்கிறோம். வீட்டில் எட்டு வயது நாய் ஒன்று நிற்கிறது, பெயர் ரைகர். நாலு வருசத்துக்கு முதல் கூட்டு ஊசியையும் விசர் ஊசியையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலத்தில் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. திரும்பக் கொண்டுபோய் மருந்து ஏற்றித்தான் மாறியது. அதற்குப் பிறகு பயத்தில் ஒன்றும் போடவில்லை. போன கார்த்திகையில் ஒரு குட்டி வளர்த்தோம். முதல் ஊசி போட்டு நாலாம் நாள் சத்தியும் இரத்த வயிற்றோட்டமுமாகச் செத்துப்போனது. அம்மா "ஊசிதான் கொன்றது" என்கிறா. கனடாவில் இருக்கிற அண்ணா "வருசா வருசம் ஊசி போடுவது வியாபாரம், இங்கே அப்படிப் போடுவதில்லை" என்கிறார். இப்போது பிள்ளைகள் கடற்கரைப் பக்கமிருந்து இன்னொரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒன்பது கிழமை இருக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு ஏழும் நாலும் வயது. கணவருக்குத் தம்பலகாமத்தில் வயல். நெல் மூட்டைகள் விறாந்தையில்தான் அடுக்கியிருக்கும், ரைகர் அதன்மேல்தான் படுப்பான். ஊசி போடுவதா, விடுவதா? எதில் ஆபத்துக் குறைவு?

ஒரு வாசகி, சாம்பல்தீவு

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தரம் வாசித்ததில் எனக்கு அதற்குள் நாலைந்து கேள்விகள் தெரிந்தன. நாய் இரண்டு, வயது வேறு வேறு, ஊசியும் பலவகை. எல்லாவற்றையும் "தடுப்பூசி" என்று ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டி நிறுத்தால் நிறை பிழைத்துத்தான் போகும். அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் செத்துப்போன குட்டி. அதைப் பேசாமல் மற்றதைச் சொன்னால் உங்கள் அம்மா இந்தப் பதிலை மேற்கொண்டு வாசிக்கமாட்டா.

மலம் பரிசோதிக்காத நோயைப் பற்றிச் சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் சத்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம், சின்னக் குட்டி என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பார்வோ வைரசை. 1978 அளவில் திடீரென்று தலைகாட்டி, ஓரிரு வருசத்துக்குள் உலகம் முழுக்கப் பரவிய கிருமி அது. உடம்பில் வேகமாகப் பெருகுகிற கலங்கள் எங்கே உண்டோ அங்கேதான் அதற்கு வேலை. குடலின் உட்சுவரையும் எலும்பு மச்சையையும் பிடிக்கும். உட்சுவர் கழன்று இரத்தமாகப் போகும், வெண்குழியங்கள் விழுந்துவிடும். கவனிக்காமல் விட்டால் பத்துக் குட்டியில் ஒன்று தப்புவதே பெரிய காரியம்.

இந்தக் கிருமி வாயால் உள்ளே போய், நோய் வெளியில் தெரிய மூன்று முதல் ஏழு நாள் செல்லும். உங்கள் குட்டி செத்ததே நாலாம் நாள். அப்படியென்றால் ஊசி போட்ட அன்றைக்கே அதன் வயிற்றுக்குள் பார்வோ இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்ட ஒருநாளுக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஊசி வேலை செய்து உடம்பு எதிர்ப்பைக் கட்டியெழுப்ப ஒரு கிழமை அளவில் தேவை. அதற்குள் வைரஸ் முந்திவிட்டது. ஊசிக்குள்ளும் உயிருள்ள பார்வோதானே இருக்கிறது என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது, பலவீனப்படுத்திய நிலையில். ஊசி போட்ட குட்டியின் மலத்தோடு சில நாள் அது கொஞ்சம் வெளியேறவும் செய்யும். ஆனால் இரத்தமாகப் போக வைத்துக் கொல்லும் நோயை அது உண்டாக்குவதில்லை.

இப்படிச் சொல்லி ஊசி போட்டவரைத் தப்பவைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்து முடித்து வந்த புதிதில், ஒரு அம்மா ரெஜிபோம் மீன் பெட்டிக்குள் துணி விரித்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தா. வெளியில் பத்துப் பதினைந்து பேர் காவல். குட்டி கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தது. ஓட்டோவில் வந்த களைப்பு என்று நானே முடிவு கட்டி, வெப்பமானியை வைக்காமல் ஊசியைப் போட்டேன். மூன்றாம் நாள் அதே பெட்டியோடு வந்தா. உள்ளே குட்டி விறைத்துக் கிடந்தது. "டொக்டர், நீங்கள்தானே போட்டது" என்றதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பார்வோவின் நாட்கணக்கை விளக்கினேன். அவவுக்கு அது காதிலும் ஏறவில்லை, ஏறவேண்டிய அவசியமும் இல்லை. அன்றையிலிருந்து வெப்பமானி வைக்காமல் எந்த நாய்க்கும் நான் ஊசி எடுப்பதில்லை. 39.2 பாகைக்கு மேலே காட்டினால் யோசிப்பேன், சாப்பிடாத குட்டி என்றால் திருப்பி அனுப்புவேன். உங்கள் குட்டிக்கும் அன்று யாராவது வெப்பமானி வைத்தார்களா, வயிறு தடவிப் பார்த்தார்களா, பூச்சி மருந்து கொடுத்திருந்தார்களா என்பதுதான் என் கேள்வி.

உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் எல்லாவற்றிலும் அவசரமான ஒரு விசயம் இருக்கிறது. பார்வோ மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் வருசத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். போன கார்த்திகையில் ஒரு குட்டி இரத்தமாகப் போன அதே வளவுக்குள்தான் இப்போது இந்தக் குட்டியை இறக்கி விட்டிருக்கிறீர்கள். மாரி மழையில் கழுவுப்பட்டுப் போயிருக்கும் என்று நம்பவேண்டாம், தண்ணீர் அதைக் கொல்லாது. சீமெந்துத் தரையை முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிசம் விடுங்கள். பழைய குட்டியின் சாப்பாட்டுக் கோப்பை, சாக்கு எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய வழியில்லை. அந்தக் குட்டி படுத்த மூலைப் பக்கம் இதை விடாதீர்கள். ஊசி போடாமல் விடுவதன் ஆபத்து என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? மற்ற வீட்டுக்கு எப்படியோ, உங்கள் வீட்டில் அது படலைக்கு உள்ளேயே கிடக்கிறது.

ஒரு ஊசி ஏன் போதாது என்பதற்கு வருவோம். தாய் நாயின் கடும்புப் பாலோடு குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. முதல் சில கிழமைகளுக்கு அதுதான் குட்டியின் காவற்காரன். ஆனால் இந்தக் காவற்காரன் ஆளறியாதவன். நோய்க் கிருமியை அடித்துத் துரத்துகிற மாதிரியே ஊசியில் வருகிற பலவீனமான கிருமியையும் அடித்துத் துரத்திவிடுவான். குட்டியின் உடம்பு அதைக் கண்டு படிக்கச் சந்தர்ப்பமே கிடைக்காது. நாள் போகப் போகக் காவற்காரன் தளர்ந்துவிடுவான். நோயைத் தடுக்கப் போதாத, ஆனால் ஊசியைக் குழப்பப் போதுமான ஒரு இடைக்காலம் ஒவ்வொரு குட்டிக்கும் உண்டு. அது எட்டாம் கிழமையிலா பதினாலாம் கிழமையிலா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை திருப்பித் திருப்பிப் போடுகிறோம். எல்லாவற்றிலும் முக்கியமானது பதினாறு கிழமை ஆகியபிறகு போடுகிற ஊசி. ஆறாம் கிழமையில் ஒன்றைப் போட்டுவிட்டு "ஊசி போட்ட குட்டி" என்று கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், நாலாம் மாதத்தில் பறிகொடுத்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அவர்களும் பிறகு ஊசியைத்தான் திட்டுவார்கள்.

ஊசி கெட்டுப்போவதும் உண்டு. 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையிலுள்ள குளிரில் அது இருக்க வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்ற காலத்தை மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது ஐஸ் பெட்டியும் கையுமாக நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இப்போதும் சிலர் வெளியூரில் வாங்கிய ஊசியைச் சொப்பிங் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து "டொக்டர், இதைப் போட்டுவிடுங்கோ" என்பார்கள். திருகோணமலை வெயிலில் அப்படி வந்த ஊசியால் நாய்க்குக் கெடுதல் இல்லை, நன்மையும் இல்லை. போட்டோம் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். எந்த இடத்தில் போட்டாலும் குளிர்ப் பெட்டியிலிருந்து எடுப்பதைப் பாருங்கள், தூளையும் திரவத்தையும் உங்கள் முன்னால் கலக்கச் சொல்லுங்கள், போத்தலில் இருக்கிற ஒட்டுத்தாளை அட்டையில் ஒட்டி வாங்குங்கள். கேட்டால் கோபிக்கிற வைத்தியரிடம் அடுத்த முறை போகாதீர்கள்.

இனி விசர் ஊசி. மற்ற ஊசிகளில் தராசின் இரண்டு தட்டிலும் நாய்தான் இருக்கிறது. இதில் ஒரு தட்டில் உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். நோய்க்குறி தெரிந்தபின் விசருக்கு வைத்தியம் கிடையாது, நாய்க்கும் இல்லை மனிதருக்கும் இல்லை. ஊசியிலோ செத்த வைரஸ்தான் இருக்கிறது, அதனால் விசர் வரவே முடியாது. காய்ச்சல், ஒருநாள் சோர்வு, போட்ட இடத்தில் சின்னக் கட்டி, அரிதாக ஒவ்வாமை. இவ்வளவுதான் எதிர்த் தட்டில் வைக்கக் கிடைப்பது. இலங்கையில் விசருக்கென்று 1893 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனாலும் 1973 இல் மட்டும் 377 பேர் செத்தார்கள். இப்போது வருசத்துக்கு இருபது முப்பது பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த இறக்கத்தில் பெரும்பங்கு நாய்க்குப் போட்ட ஊசிக்கும், கடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிக்கும். ஒரு ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது போட்டிருந்தால்தான் நோய் நாய்க்கு நாய் தாவுவது நிற்கும். அரசாங்கம் இதை இலவசமாகப் போடுகிறது. ஒழுங்கைக்குள் ஒலிபெருக்கி கட்டி வருகிறபோது ரைகரை அறைக்குள் பூட்டி வைத்த வருசங்களும் உங்கள் நாலு வருசத்துக்குள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குட்டிக்கு விசர் வராது என்று ஊரில் ஒரு கதை உண்டு. பிழை. உங்கள் குட்டி கடற்கரையிலிருந்து வந்தது, தாய் எது, அதை எது கடித்தது என்று யாருக்கும் தெரியாது. விசர்க் கிருமி உடம்புக்குள் போய் வெளித்தெரிய வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம் செல்லும், அதற்கு முந்தியும் வரலாம், பிந்தியும் வரலாம். ஏற்கெனவே உள்ளே இருந்தால் இப்போது போடும் ஊசி அதைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. பயமுறுத்த இதை எழுதவில்லை. நாலு வயதுப் பிள்ளை குட்டியோடு இழுபறிப்படும், முத்துப்போன்ற பால்பல் கையில் கீறும், பிள்ளை அழாமல் மறைத்துவிடும். ஊசிபோல் கீறினாலும், தோல் கிழிந்த இடத்தைக் குட்டி நக்கினாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிசம் கழுவிவிட்டு அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். குட்டி உயிரோடு சுகமாக நிற்கிறதா என்று பதினாலு நாள் பார்க்கச் சொல்வார்கள், அதனால் அடித்துக் கலைத்துவிடாதீர்கள். நாயின் ஊசி அட்டையையும் கேட்பார்கள். ஒழுங்காக ஊசி போட்ட நாய் என்று அட்டை காட்டினால் பிள்ளைக்கு உடனே எத்தனை ஊசி போடுவது என்ற முடிவே மாறக்கூடும். இந்த நோயில் நாய்க்குப் போடும் ஒரு ஊசி பிள்ளையின் கைக்குப் போகும் பல ஊசிகளை மிச்சம் பிடிக்கும்.

அண்ணா சொல்வதில் பாதி சரி, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். உலகச் சிறுபிராணி வைத்தியர் சங்கம் 2024 இல் புதுப்பித்த வழிகாட்டலிலும் கூட்டு ஊசி தடுக்கிற டிஸ்டெம்பர், பார்வோ, ஈரல் அழற்சி ஆகிய மூன்று வைரஸ் நோய்களுக்கும், குட்டிப் பருவத்தில் சரியாகப் போட்டு முடித்த நாய்க்கு மூன்று வருசத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை என்றுதான் இருக்கிறது. இங்கே வருசா வருசம் போடுகிற பழக்கத்துக்கு ஒரு காரணம், கூட்டு ஊசிக்குள் எலிக்காய்ச்சல் மருந்தும் சேர்ந்து வருவது. அதன் காப்பு ஒரு வருசத்தோடு தேய்ந்துவிடும், அதற்காக முழுப் போத்தலையும் ஏற்றிவிடுகிறோம். வியாபாரமும் ஒரு காரணமில்லை என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அண்ணா சொல்லாமல் விட்ட மற்றப் பாதியும் இருக்கிறது. அவர் ஒன்ராறியோவில் இருக்கிறார் என்றால், அங்கே மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு விசர் ஊசி சட்டப்படி கட்டாயம். தெருநாயே கண்ணில் படாத ஊரில் அந்தக் கட்டாயம்! நிலாவெளி வீதியில் ஒரு மீன் வாடிக்குப் பின்னால் எத்தனை நாய் படுத்திருக்கும் என்று அடுத்த முறை அவர் வரும்போது எண்ணிக் காட்டுங்கள்.

எலிக்காய்ச்சலைத் தனியாகப் பேச வேண்டும், உங்கள் வீட்டு விறாந்தையால். நெல் மூட்டை இருந்தால் எலி வரும், எலியின் சலம் சாக்கில் படும், அந்தச் சாக்கின் மேல்தான் ரைகர் படுத்துக் காலை நக்குகிறான். நாய்க்கு ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும். தப்பினால் பிறகும் கிழமைக்கணக்கில் சலத்தோடு கிருமியை வெளியேற்றும், பிள்ளைகள் விளையாடுகிற அதே முற்றத்தில். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் என்னவென்று தெரியாத காய்ச்சலில் ஆட்கள் செத்து, பிறகு எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தது ஞாபகம் இருக்கும். உங்கள் கணவருக்கும் விதைப்புக் காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குளிசை கொடுத்திருப்பார், டொக்சிசைக்கிளின். அவர் அதை விழுங்கினாரா, சேட்டுப் பையில் வைத்துத் துவைத்தாரா என்று நான் கேட்கவில்லை. நாய்க்கு ஊசி உண்டு. முதலில் இரண்டு முறை, மூன்று நாலு கிழமை இடைவெளியில், பிறகு வருசம் ஒன்று. ஊசிக்குள் இருக்கிற கிருமி வகைகளுக்குத்தான் அது காப்பு, எல்லா வகைக்கும் இல்லை. அதனால் ஊசி போட்டாலும் மூட்டைகளைப் பலகைமேல் உயர்த்தி வைத்து ரைகரை இறக்கத்தான் வேண்டும்.

இனி ரைகர். அரை மணித்தியாலத்தில் முகம் வீங்கியது என்கிறீர்கள். அது ஒவ்வாமை, சந்தேகமில்லை. பெரும்பாலும் ஊசியிலுள்ள நோய்க்கிருமியோடு உடம்புக்குக் கோபம் வருவதில்லை. கிருமியை வளர்க்கப் பயன்படுத்திய மாட்டுச் சீரப் புரதத்தின் மிச்சம் போன்றவற்றோடுதான் வரும். எத்தனை நாய்க்கு இப்படி வருகிறது? 2005 இல் அமெரிக்காவில் 12 இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகளைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டு மூன்று நாளுக்குள் ஏதாவது கோளாறு காட்டியவை பத்தாயிரத்துக்கு 38. இதற்குள் சின்னத் தடிப்பு, ஒரு சத்தி எல்லாம் அடக்கம். அதே ஆய்வில் இன்னும் இரண்டு விசயம் தெளிவாகத் தெரிந்தது. சின்ன உடம்பு நாய்களுக்குக் கூடுதலாக வருகிறது. ஒரே நாளில் போடும் ஊசியின் எண்ணிக்கை ஏற ஏறக் கோளாறும் ஏறுகிறது. ரைகருக்கு நடந்ததில் இந்த இரண்டாவது இருக்கிறது. இரண்டு போத்தலையும் ஒரே நாளில் ஏற்றியதால் எது குற்றவாளி என்றுகூட இப்போது சொல்ல முடியவில்லை.

ஒருமுறை வீங்கிய நாய்க்கு மறுமுறையும் வரலாம், அது உண்மை. அதற்காக எல்லா ஊசியையும் கைவிடுவதா? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். விசர் ஊசியை விடமாட்டேன், அதைத் தனியாகப் போடுவேன். காலை முதல் ஆளாகப் போவேன், பின்நேரம் போய்ப் போட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு வைத்தியரைத் தேடி அலையமாட்டேன். பழைய அட்டையைக் கொண்டுபோய் அன்று போட்ட கம்பனியின் பெயரைக் காட்டி, வேறு கம்பனியின் ஊசி இருக்கிறதா என்று கேட்பேன். ஒவ்வாமை மருந்தை முன்கூட்டியே வைத்தியர் ஏற்றிவிடுவார். வீட்டில் இருக்கிற பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசையை நீங்களாகக் கொடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது சின்ன வீக்கத்தை அடக்குமே தவிரப் பெரிய அதிர்ச்சியை நிறுத்தாது. அதற்கு அட்றினலின் தயாராக இருக்க வேண்டும், இருக்கிறதா என்று கேட்டுவிட்டே ஊசிக்குச் சம்மதியுங்கள். போட்டபிறகு ஒரு மணித்தியாலம் அங்கேயே வேப்பமரத்துக்குக் கீழே இருங்கள். முகம் தடித்தால், சத்தி எடுத்தால், பல்முரசு வெளிறினால், கால் தள்ளாடினால் கூப்பிட உள்ளே ஆள் இருக்கும்.

எலிக்காய்ச்சல் ஊசியை ரைகருக்குப் போடுவதில் எனக்கே கொஞ்சம் தயக்கம் உண்டு. ஒவ்வாமைக்கு வைத்தியர்கள் அதிகமாகச் சந்தேகப்படுவது அதைத்தான், அந்தச் சந்தேகம் எவ்வளவு நியாயம் என்பது வேறு விசயம். விசர் ஊசி பிரச்சினையில்லாமல் போனால், ஒரு மாதம் கழித்து எலிக்காய்ச்சலைத் தனிப் போத்தலாகக் கிடைக்கும் இடத்தில் அதே ஏற்பாட்டோடு போடலாம். விசர் ஊசிக்கே மறுபடி வீங்கினால் எலிக்காய்ச்சல் ஊசியை விட்டுவிட்டு எலியைக் கவனிப்போம். பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் அவனுக்கு இப்போதைக்கு வேண்டாம். நாலு வயதுவரை ஒழுங்காகப் போட்டிருந்தால் அந்தக் காப்பு பல வருசம் நிற்கும், எட்டு வயதில் பார்வோவில் சாகிற நாயை நான் கண்டது மிகக் குறைவு. எதற்கும் முதல் உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் உள்ளே இருக்கிற நாய்க்கு ஊசி போட்டு, இரண்டாம் நாள் அது படுத்தால் மறுபடியும் ஊசிதான் கூண்டில் ஏறும். ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் சிறுநீரகமும் தெரிந்துவிடும்.

குட்டிக்குக் கணக்கு இலேசு. ஒன்பது கிழமை என்பது உங்கள் ஊகம்தானே, பல்லைப் பார்த்தால் நெருங்கிச் சொல்லலாம். இந்தக் கிழமையே பூச்சி மருந்து, உடம்பு சரி என்றால் முதல் கூட்டு ஊசி. பன்னிரண்டு பதின்மூன்றாம் கிழமையில் இரண்டாவது கூட்டு ஊசி. விசர் ஊசி பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு, கூட்டு ஊசியோடு சேர்க்காமல் ஒரு பத்துப் பதினாலு நாள் தள்ளி. ரைகரின் கதைக்காக மட்டும் நான் இப்படிப் பிரிக்கிறேன், எல்லாக் குட்டிக்கும் இது தேவையில்லை. பிறகு பதினாறு கிழமை தாண்டிய ஊசி, அதைத் தவறவிடவே கூடாது. ஆறாம் மாதத்தில் இன்னொன்று போட்டுவிட்டால் கூட்டு ஊசியில் வைரஸ் பகுதிக்கு மூன்று வருசம் என்னைத் தேடி வரவேண்டாம். எலிக்காய்ச்சலும் விசரும் வருசம் ஒருமுறை. பதினாறு கிழமைவரை கடற்கரை மண்ணில் இறக்கவேண்டாம், ஆனால் பெட்டிக்குள் பூட்டியும் வைக்கவேண்டாம். மூன்று மாதத்துக்குள் ஆளையும் சத்தத்தையும் பார்க்காத குட்டி பிறகு பயந்து கடிக்கிற நாயாகிவிடும். தூக்கிக்கொண்டு போய் மோட்டார்சைக்கிள் சத்தம், கோயில் மேளம், மீன்காரர் கூவல் எல்லாம் காட்டுங்கள்.

வரும்போது முந்தின நாள் போன மலத்தில் கொஞ்சத்தை மூடியுள்ள போத்தலில் போட்டுக் கொண்டுவாருங்கள். காவலிருக்கும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாதீர்கள், உங்களுக்கு முதல் எந்தக் குட்டி அங்கே சத்தி எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? மடியிலேயே இருக்கட்டும். ரைகரை இன்னொரு நாளைக்கு ஓட்டோவில் தனியாகக் கொண்டுவாருங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிவாருங்கள், வெப்பமானியை அவவின் கையில் கொடுத்தே பார்க்கச் சொல்கிறேன்.